முத்தல் இலை மாலை

குன்னூரில் ஒரு சீசன் சமயத்தில், பழைய சர்ச் ஹால் ஒன்றை ஓவியம் வரைகிறவர்களுக்குப் பத்து நாள் விட்டிருந்தார்கள். ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஒட்டுவதற்கு ஒரு சின்ன அட்டை கொடுத்தார்கள். வரைந்தவர் பெயர், படத்தின் பெயர், அளவு, விலை எழுத வேண்டும். நான் கொண்டுபோனது ஒரே ஒரு படம். கான்வாஸில் எண்ணெய் வண்ணம், நான்கடிக்கு மூன்றடி, அசல், வேறு பிரதி கிடையாது. படத்தின் பெயர் என்ற இடத்தில் ‘மாலை மரியாதை’ என்று எழுதினேன். எழுதும்போது சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு என்று சொல்லமாட்டேன்.

படத்தில் இருப்பது ஒரு தேயிலைத் தோட்டத்து எடைக் கொட்டகை. வெளியே மழை. தொங்கு தராசுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிறார். காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால்வரை சாக்ஸ், கையில்லாத அரக்கு நிற ஸ்வெட்டர், அதில் நெஞ்சுக்குக் குறுக்கே வெள்ளைக் கட்டங்கள். கழுத்தில் பச்சை இலை மாலை. தலை குனிந்திருக்கிறார். அவருக்கு முன்னால் கூடை சுமந்த பெண்கள் வரிசையாகப் போகிறார்கள், ஒருத்தியும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த ஆளை எனக்குத் தெரியும். அந்த மாலையையும் தெரியும். ஆனால் நிஜத்தில் அந்த மாலையோடு அங்கே நின்றவர் அவர் இல்லை. நின்றது என் அம்மா.

நாங்கள் தேவாலாப் பக்கம். அம்மாவும் அப்பாவும் சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவர்கள். அங்கே பறித்த கைக்கு இங்கேயும் கொழுந்துதான் கிடைத்தது. அப்பா சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் பன்னிரண்டாவது முடித்துவிட்டு அம்மாவோடு மலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் தேயிலை விலை விழுந்தது. குன்னூர் ஏலத்துக்குப் போன தூளைக் கேட்க நாதியில்லை. பக்கத்துத் தோட்டங்களில் ஃபேக்டரியை இழுத்து மூடினார்கள். வாரத்துக்கு ஒரு குடும்பம் திருப்பூருக்கு மூட்டை கட்டியது. எங்கள் தோட்டத்தை மூடவில்லை, வேலை நாளைக் குறைத்தார்கள். பத்து நாளைக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய கொழுந்தை ஒரு மாதம் எடுக்காமல் போட்டார்கள். அப்படிப் போடச் சொன்னவர் எங்கள் டிவிஷன் ஃபீல்டு ஆபீசர்.

மாதம் கழிந்து எங்களை மலைக்குள் விட்டார். விட்டுவிட்டு, ஃபேக்டரிக்கு இனி நயம் கொழுந்துதான் வேண்டும், இரண்டு இலையும் ஒரு மொட்டும்தான் வேண்டும், எடையும் குறையக் கூடாது என்றார். ஒரு மாதம் சும்மா கிடந்த செடியில் இலை முத்தாமல் வேறென்ன செய்யும்? செடி என்ன அவரிடம் லீவு கேட்டுவிட்டா வளரும்? இதை யாராவது அவர் முகத்துக்கு நேராகக் கேட்டிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் வாயைத் திறந்தால் பெயரை வெட்டிவிடுவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

அன்று சாயங்காலம் மடுவத்தில் வரிசை நின்றது. எடைக் கொட்டகையை எங்கள் சிலோன்காரர்கள் மடுவம் என்றுதான் சொல்வார்கள். வரிசையில் அம்மாதான் முதல். அவர் அம்மாவின் கூடையைத் தரையில் கவிழ்க்கச் சொன்னார். பூட்ஸ் முனையால் இலையைக் கிளறினார். சாக்கு தைக்கிற ஊசியும் சணலும் கொண்டுவரச் சொன்னார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முத்தல் இலைகளாகப் பொறுக்கி அவரே கோத்தார். அவசரமே படாமல் கோத்தார்.

“ஏனுங்கம்மா, இத்தன பாடுபட்டுப் பறிச்சிருக்கீங்க. ஒரு மாலகூடப் போடலீன்னா எப்படிங்க?” என்றார்.

கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இருக்காது. நான் இன்றைக்கும் அவரை ‘அவர்’ என்றுதான் எழுதுகிறேன், அவரிடம் படித்த பாடம் அது. அந்த ‘ங்க’ மாறாமலேயே மாலையை அம்மா கழுத்தில் போட்டார்.

“கடைசிக் கூட எட போடற வரைக்கும் தராசுகிட்டயே நில்லுங்க. எல்லாரும் பாத்துட்டுப் போகட்டும்.”

அம்மா நின்றாள். அறுபது எழுபது பெண்கள் இருந்திருப்போம். ஒவ்வொருத்தியாகக் கூடையை மாட்டி, எடை பார்த்து, அம்மாவைத் தாண்டிப் போனார்கள். யாரும் நிமிரவில்லை. வரிசையில் அம்மாவுக்குப் பிறகு இரண்டு பேர், அடுத்தது நான்.

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று பல முறை நினைத்திருக்கிறேன். என் கூடையிலும் அதே இலைதான் இருந்தது. அம்மாவும் நானும் பக்கத்துப் பக்கத்து நிரையில்தானே பறித்தோம்? என் கூடையை அவர் கிளறவில்லை. எடை போட்டு அனுப்பிவிட்டார். நான் அம்மாவுக்கு ஒரு முழம் தள்ளித்தான் நடந்து வந்தேன். முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் கண்ணை எங்கே வைப்பது என்று தேடி, எதிரே நின்ற அவர் ஸ்வெட்டரில் வைத்தேன். வெள்ளைக் கட்டங்கள் வரிசையாகப் போய், இடது ஓரத்தில் கடைசிக் கட்டம் மட்டும் பாதியில் நின்றது. பின்னியவர் எண்ணிக்கையைத் தவற விட்டிருக்கிறார். அந்த அரைக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே வெளியே வந்து, மழையில் நடந்து, வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்ற வைத்தேன்.

அம்மா இருட்டும் நேரத்தில் வந்தாள். கழுத்தில் மாலை இல்லை. வழியில் எங்கோ போட்டிருப்பாள்.

“தண்ணி சுட வச்சியா புள்ள? கால் ரெண்டும் வெறச்சுப் போச்சு,” என்றாள். வாளியில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். 

மறுநாளிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. நாளுக்கு ஒருத்தி. “இன்னிக்கு யாருக்கு மாலை போட்டாச்சு?” என்று லயத்து வீடுகளில் கேட்டுக்கொள்வார்கள். மாலை விழுந்தவள் வீட்டில் அன்று சமையல் கிடையாது, பக்கத்து வீட்டிலிருந்துதான் சாப்பாடு போகும். எங்கள் தோட்டத்துக்காரர்கள் இன்றைக்கும் யாருக்காவது அவமானம் நடந்துவிட்டால் “மாலை போட்டுட்டாங்க” என்றுதான் சொல்வார்கள். இரண்டு மாதத்தில் அந்த டிவிஷனையே நிறுத்தினார்கள். அவர் வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போனார். நாங்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கூலி வேலைக்குப் போனோம்.

நான் கூடலூரில் ஒரு போர்டு எழுதுகிற கடையில் சேர்ந்தேன். எழுத்திலிருந்து படத்துக்கு வந்தேன். அங்கிருந்து மசினகுடி. ரிசார்ட் சுவர்களிலும் ஜீப் கதவுகளிலும் புலி வரைவதுதான் பிழைப்பு. வெளியூர்க்காரர்கள் மூன்று நாள் தங்கிப் புலியைப் பார்க்காமல் போவார்கள், என் புலியைப் பார்க்காமல் ஒருவரும் போனதில்லை. ஜீப் ஓட்டுகிற ஒரு தேவர்சோலைக்காரர் என்னைக் கிண்டலடிக்காமல் விடமாட்டார்.

“சேச்சி, உங்க புலிங்க மட்டும் ஏன் லீவு கேட்டா முறைக்கிற ஆபீசர் மாதிரியே பாக்குது?” என்பார்.

சும்மா சொன்னார், ஆனால் சரியாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து யோசித்தேன். நான் வரைந்த அத்தனை புலிக்கும் அவர் கண்தான். எனக்குத் தெரியாமலேயே இருபது வருஷம் அந்த ஆளை நீலகிரி முழுக்க வரைந்து தள்ளியிருக்கிறேன். அப்படி என்ன கறுவல் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அடுத்த வாரம் கான்வாஸ் வாங்கினேன்.

அவர் முகம் எனக்கு ஞாபகத்திலேயே இருந்தது, போட்டோ தேவைப்படவில்லை. மாலை போட்டவர் கழுத்திலேயே அந்த மாலையைப் போட வேண்டும், அவர் தலை குனிந்து நிற்க வேண்டும், பெண்கள் தாண்டிப் போக வேண்டும். அவ்வளவுதான் என் கலைத் தத்துவம். மூன்று மாதம், முன் அறையில் சாக்குப் பையைத் தொங்கவிட்டு மறைத்து வரைந்தேன். ஒருநாள் அம்மா டீ கொண்டுவந்தவள் சாக்கை விலக்கிப் பார்த்துவிட்டாள். ரொம்ப நேரம் பார்த்தாள். திட்டப் போகிறாள், பழசை ஏன் கிளறுகிறாய் என்பாள் என்று நினைத்தேன்.

“வெள்ள நூலா போட்டிருக்க,” என்றாள். “அது சணல். கழுத்துல உறுத்தும்.”

டீயை வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் நூலை அழித்துச் சணலாக மாற்றினேன்.

என் திட்டத்தை இப்போது சொன்னால் சிரிப்பீர்கள். அவர் வேலையை விட்டு குன்னூரில் வீடு கட்டி உட்கார்ந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். அந்த ஊரில், சீசன் நேரத்தில், பழைய தோட்ட ஆபீசர்கள் பத்துப் பேர் வந்துபோகிற இடத்தில் அவரை மாலையோடு தொங்கவிட வேண்டும். பார்க்கிறவர்கள் காதைக் கடித்துக்கொள்ள வேண்டும். பேச்சு அவர் காதுக்குப் போக வேண்டும். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க எனக்கு வாய் வரவில்லை, படமாவது கேட்கட்டும் என்று நினைத்தேன்.

முதல் நாளே என் மடத்தனம் புரிந்தது. மாலை போட்டால் அவமானம் என்பது எங்கள் ஒரு தோட்டத்துக்கு மட்டும்தான் தெரியும். உலகத்துக்கு மாலை என்றால் மரியாதை. எங்கள் தோட்டத்தில் யார் லீவு போட்டுவிட்டு, மூன்று பஸ் மாறி, படம் பார்க்கக் குன்னூருக்கு வரப் போகிறார்கள்? சென்னையிலிருந்து வந்த ஒரு அம்மா, “எவ்வளவு அமைதியா இருக்கு இந்த முகம்,” என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். ஒரு பெரியவர், தொழிலாளிகளும் அதிகாரியும் ஒற்றுமையாக வாழ்ந்த அந்தக் காலத்தை அழகாகக் காட்டியிருக்கிறேன் என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஓட்டல்காரர் ஒருவர் வரவேற்பறைக்குப் பொருத்தமாக இருக்கும் என்று விலை கேட்டார். நான் படம் விற்கவில்லை என்றேன். பக்கத்தில் ஊட்டி ஏரியை வரைந்து வைத்திருந்தவர், “விக்காத படத்துக்கு வெல எதுக்குங்க எழுதி வெச்சிருக்கீங்க?” என்று கேட்டார்.  ஒன்பது நாள் வயிறு எரிந்துகொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவமானப்படுத்தக் கிளம்பி, அந்த ஆளுக்குச் சிலை வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

பத்தாவது நாள் மத்தியானம் ஒரு பெண் வந்தாள். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். மற்ற படங்களை வேகமாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் என் படத்துக்கு முன்னால் வந்து அப்படியே நின்றாள். கிட்டே போனாள். விரல் படாமல் ஸ்வெட்டரின் இடது ஓரத்தைக் காட்டினாள்.

“ஏனுங்க, இது யாருங்க?”

“தோட்டத்துல பாத்த ஒருத்தருங்க,” என்றேன்.

“இந்த ஸ்வெட்டரு எங்கம்மா பின்னுனதுங்க. கட்டத்த எண்ணாம விட்டு ஓரத்துல ஒண்ணு பாதியா நின்னுபோச்சுன்னு இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. இதுலயும் பாதியா நிக்குது பாருங்க.”  “எங்கப்பாதானுங்களே இது?”

 ஆமாங்க என்றேன். அவர் எங்கள் டிவிஷனில் ஆபீசராக இருந்தார், நான் அங்கே கொழுந்து பறித்தேன் என்றேன். அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை.

அவள் அழுதேவிட்டாள். “தோட்டத்தப் பத்தி எங்கப்பா வாயே தொறக்க மாட்டாருங்க. கேட்டா எந்திரிச்சுப் போயிருவாரு. ஆளுங்க வரிசையா வந்து மால போடற அளவுக்கு மரியாத வெச்சிருந்தாங்கன்னு எங்க ஊட்ல ஒருத்தருக்கும் தெரியாதுங்க.” அடுத்த மாதம் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் என்றாள். என்ன கொடுப்பது என்று கோயமுத்தூரெல்லாம் அலைந்ததாகச் சொன்னாள். “சாமி கொண்டாந்து விட்ட மாதிரி இருக்குதுங்க.”

ஒரு வாக்கியம் போதும். அது மரியாதை மாலை இல்லைங்க என்று சொன்னால் அந்தப் பெண் படத்தைத் தொடமாட்டாள். நல்ல பெண். என் அம்மாவுக்கு நடந்தது தெரிந்தால் எனக்குப் பதிலாக அவளே அப்பாவிடம் சண்டைக்குப் போயிருப்பாள் என்றுகூடத் தோன்றியது. வாய்வரை வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாலை என்றால் என்னவென்று ஊருக்குத் தெரியாது, மகளுக்குத் தெரியாது, மனைவிக்கும் தெரியாது. அந்த வீட்டில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அவர் அதை யாரிடமும் சொல்ல முடியாது. படத்தைக் கழற்று என்றால் ஏன் என்று கேட்பார்கள். இதைவிட எனக்கு என்ன வேண்டும்?

“எங்க மாட்டுவீங்க?” என்று கேட்டேன்.

“ஹால்லதானுங்க. அப்பா உக்கார்ற நாற்காலிக்கு நேர் எதிர்ல. காலைல எந்திரிச்சு வந்தா அவரு மூஞ்சிலதான் முழிக்கோணும்.”

அட்டையில் எழுதியிருந்த விலையை அவள் பேரம் பேசவில்லை. விசேஷத்தன்று நானே கொண்டுவந்து நானே மாட்டித் தருகிறேன் என்றேன். எவ்வளவு நல்ல மனசு உங்களுக்கு என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தை நிறுத்தினாள்.

“அவன் மகளா? வெசயம் தெரிஞ்சா வாங்குறா?”

“தெரியாது.”

“நீ சொல்லல்லியா?”

“சொல்லல.”

“பாவம் அந்தப் புள்ள,” என்றாள். பாவம்தான். எனக்கு அவள்மேல் ஒரு பகையும் இல்லை. ஆனால் சொல்லாததற்கு அன்றைக்கும் வருத்தப்படவில்லை, இன்றைக்கும் படவில்லை.

விசேஷத்துக்குப் போகிற அன்று காலையில் நல்ல மழை. படத்தைப் போர்வையில் சுற்றி வைத்துவிட்டு, மேலே போட என்ன கிடைக்கும் என்று தேடிக்கொண்டிருந்தேன். அம்மா பரண்மேலிருந்து தன் பழைய படங்கை எடுத்து வந்தாள். கொழுந்து பறிக்கும்போது சேலை நனையாமல் இடுப்பில் சுற்றிக் கட்டுகிற பிளாஸ்டிக் விரிப்பு. இத்தனை வருஷம் அதை வைத்திருக்கிறாள் என்றே எனக்குத் தெரியாது. அவளே படத்தைச் சுற்றி, சணலால் நாலு பக்கமும் இறுக்கிக் கட்டினாள். நான் பையில் சுத்தியலும் நாலு பெரிய ஆணியும் எடுத்து வைத்துக்கொண்டேன். அவர்கள் வீட்டு ஆணியை நம்ப எனக்கு மனசில்லை.

குன்னூரில் பஸ் நிலையத்திலிருந்து கொஞ்சம் கீழே வீடு. வாசலில் வாழைமரம், உள்ளே சொந்தக்காரர்கள் கூட்டம். ஹோமம் முடிந்திருந்தது. அவர் மனைவியோடு சோபாவில் உட்கார்ந்திருந்தார். நான் மனசில் வைத்திருந்த ஆளில் பாதிதான் இருந்தார். கன்னம் ஒட்டி, ரோஜா மாலைக்குள் கழுத்து காணாமல் போயிருந்தது. சே, இந்த ஆளையா இத்தனை வருஷம் புலியாக வரைந்தேன் என்றிருந்தது. அதற்காக எனக்கு மனசு இளகிவிடவில்லை. சுவரில் இடம் பார்த்து ஆணி அடித்தேன். மூன்று அடியில் ஆணி இறங்கிவிட்டது.

மகள் எல்லாரையும் கூப்பிட்டு, அப்பாவை எழுப்பிக் கொண்டுவந்து எதிரே நிறுத்தி, படங்கை உருவினாள்.

எல்லாரும் கை தட்டினார்கள். மனைவி, “அட, என்ற ஸ்வெட்டரு,” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் முதலில் தன் முகத்தைப் பார்க்கவில்லை. இலையைத்தான் பார்த்தார். ஃபீல்டு ஆபீசர் கண் வேறெங்கே போகும்? ஒவ்வொரு இலையாகப் பார்த்தார், சணலைப் பார்த்தார், பிறகு வரிசையில் போகிற பெண்களைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. மெதுவாகக் கையைத் தூக்கி, கழுத்தில் இருந்த ரோஜா மாலையைக் கழற்றினார்.

“ஏனுங்க, அதுக்குள்ள கழட்டறீங்க?” என்றார் மனைவி.

“உறுத்துது,” என்றார்.

மகள், “இவங்கதானுங்கப்பா வரைஞ்சது. உங்க தோட்டத்துலதான் வேல செஞ்சாங்களாமா,” என்று என்னை முன்னால் இழுத்தாள். அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பழைய கண். ஆனால் இப்போது பார்வையைத் தாழ்த்தியது நான் இல்லை.

“எந்த டிவிஷனுங்க?” என்று கேட்டார்.

“கீழ் டிவிஷனுங்க. மொத மால எங்கம்மாவுக்குத்தானுங்க போட்டீங்க.”

பக்கத்தில் நின்ற சம்பந்தி ஒருவர், “பாத்தீங்களா, வேல செய்யறவங்களுக்கே மால போட்டுருக்காரு. எத்தன பெரிய மனசு,” என்று நாலு பேருக்குக் கேட்கச் சொன்னார். எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. மகள் விடவில்லை. “அந்த மாலையப் பத்தி எங்களுக்குச் சொல்லுங்கப்பா,” என்றாள். கூட்டம் அடங்கியது. அவர் உதட்டை நனைத்துக்கொண்டார்.

“அது... தோட்டத்துல அப்ப ஒரு வழக்கங்கண்ணு,” என்றார். 

பிறகு போட்டோ. படத்தோடு சேர்ந்து ஆளாளுக்கு அவர் பக்கத்தில் நின்று எடுத்துக்கொள்ள வேண்டுமாம். சொந்தக்காரர்கள் வரிசை கட்டினார்கள். ஒவ்வொருவராக வந்து நின்று, சிரித்து, நகர்ந்து போனார்கள். அவர் மட்டும் படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். இதை நான் திட்டமிடவில்லை. அந்த வரிசை அன்றைய மடுவத்து வரிசை மாதிரியே இருந்தது. பந்திக்குக் கூப்பிட்டார்கள், நான் போகவில்லை. சுவரோரமாக நின்று பார்த்தேன். பாதியில் மருமகன் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“உக்காருங்க மாமா, கால் வலிக்கும்.”

“வேண்டாங்க மாப்ள,” என்றார். சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார். “கடைசி ஆளு வர்ற வரைக்கும் நிக்கறேன்.”

எனக்குச் சுரீரென்றது. அவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அன்று அம்மாவிடம் சொன்ன அதே வார்த்தை, கூடைக்குப் பதில் ஆள். தண்டனையை நான் கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தால், அவரே எடுத்துப் போட்டுக்கொள்கிறார். அதை எடுத்துக்கொள்ள அவருக்கு யார் அனுமதி கொடுத்தது? அவர் கெஞ்சியிருந்தால், கத்தியிருந்தால், எனக்கு ஆறியிருக்கும். கடைசி ஆள் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்று பார்த்துவிட்டு, படங்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அம்மா படங்கை வாங்கிப் பரணில் வைத்தாள். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. கேட்காமல் நானும் சொல்லவில்லை.

ஐந்தாறு மாதம் கழித்து அந்த மகள் போன் செய்தாள். “அக்கா, அப்பா படத்த உள் ரூமுக்கு மாத்தச் சொல்லிட்டே இருக்காருங்க. கூச்சமாமா. நாங்க விடுவமுங்களா? இப்ப நாற்காலியத் திருப்பிப் போட்டுட்டு, படத்துக்குக் கீழ இருக்கற டிவிக்கு முதுகக் காட்டிட்டு உக்காந்திருக்காரு. எங்கப்பா அப்படி அடக்கமான ஆளுங்க.” மாற்றாதீர்கள், வெயில் படாத சுவர், படத்துக்கு அதுதான் நல்லது என்றேன். போனை வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சமையலறைக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா பீன்ஸ் கிள்ளிக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை.

“அன்னிக்கு அவன் எவ்வளவு நேரம் நின்னான்?” என்று கேட்டாள்.

“கடைசி ஆளு போட்டோ எடுத்துட்டுப் போற வரைக்கும்.”

“முழுசும் நின்னுக்கிட்டேவா?”

“மருமகன் நாற்காலி கொண்டாந்து போட்டாரு. அவருதான் வேணாம்னுட்டாரு.”

அம்மா ஒரு பீன்ஸை எடுத்து நாரை உரித்தாள். இன்னொன்றை எடுத்தாள். குரலில் கோபம் எதுவும் இல்லை, என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“அவனுக்கு ஒரு நாற்காலி கொண்டாந்து போட ஆள் இருந்திருக்கு. அன்னிக்கு மடுவத்துல நீயும்தான் இருந்த, புள்ள.”